ஐந்து ரூபாய் முட்டை

1

காலை மணி ஐந்து நாற்பது. திண்டிவனத்திலிருந்து வந்த பஸ் செஞ்சி கூட்டு ரோட்டில் என்னை இறக்கிவிட்டபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு டீக்கடையின் விலைப்பலகை. டீ 12 என்று பெயின்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் சாக்பீஸால் 15 என்று போட்டிருந்தார்கள். சாக்பீஸ் எழுத்து புதியது. மழைச் சாரல் பட்டும் இன்னும் கரையவில்லை.

டீ குடித்துவிட்டு இருபது ரூபாய் கொடுத்தேன். எட்டு ரூபாய் திரும்பி வந்தது.

"பலகையில பதினஞ்சுன்னு இருக்கே?"

"அது கோட்டை பாக்க வர்றவங்களுக்கு சார். நீங்க லூர்து அக்கா தம்பிதான? வெளிநாட்ல இருக்கறவரு."

"எப்படித் தெரியும்?"

"மூஞ்சி அப்படியே அவுங்க மூஞ்சி சார். மீசை ஒண்ணுதான் எக்ஸ்ட்ரா."

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன்: டீ 12, எனக்கு. 15, மற்றவர்களுக்கு. காரணம் சரிபார்க்க வேண்டும்.

செஞ்சியில் நான் எழுதிய முதல் விலையே இரண்டு விலையாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

2

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு நான் இருக்கும் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் பாசெல் என்ற நகரத்தில் இருபத்திரண்டு வருடங்களாக வசிக்கிறேன். மனைவி ஸ்டெல்லா அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்தது, நான் கூடப் போனேன். அதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தவன், போன இடத்தில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினேன். இன்றும் அந்தக் கிடங்கில்தான் வேலை. சீட்டு ஒட்டுவதை இப்போது இயந்திரம் செய்கிறது. சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு.

பாசெலில் டிராம் ஏறினால் இருபது நிமிடத்தில் ஜெர்மனி. அதே பற்பசை, அதே பால், அதே சலவைத்தூள், ஏறக்குறைய பாதி விலையில். சனிக்கிழமையானால் டிராம் முழுக்கக் காலிப் பைகளோடு மனிதர்கள் போவார்கள், மதியத்துக்குள் நிறைந்த பைகளோடு திரும்புவார்கள். ஜெர்மன் கடையில் ஒரு பச்சைச் சீட்டு தருவார்கள். எல்லையில் சுங்க அதிகாரியிடம் அதில் முத்திரை வாங்கிவந்தால் அவர்கள் வரி திரும்பக் கிடைக்கும். அதற்கு வரிசை. வரிசையில் நிற்பவர்கள் ஒருவர் பையை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதிகாரி எல்லோர் பையையும் பார்ப்பார்.

இறைச்சிக்கு மட்டும் கண்டிப்பான கணக்கு. ஆளுக்கு ஒரு கிலோதான் கொண்டுவரலாம். ஆள் என்றால் கைக்குழந்தையும் ஆள். எங்கள் மகள் ரீனா பிறந்த மாதமே அவளைத் தள்ளுவண்டியில் வைத்து எல்லை தாண்டினோம். அண்ணன் ஜெரோமோடு சேர்த்து நான்கு பேர், நான்கு கிலோ. ஜெரோம் படிக்க வேறு ஊருக்குப் போனதும் மூன்று கிலோ ஆனது. சென்ற வருடம் ரீனா பதினாறு வயதில் ஒரு சனிக்கிழமை செருப்பைப் போடாமல் வாசலில் நின்றாள்.

"நான் வரல அப்பா. நான் ஒரு கிலோ இல்ல."

இதைத் தமிழில்தான் சொன்னாள். முக்கியமான விஷயம் என்றால் மட்டும் தமிழில் சொல்வாள், எங்களுக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்று. அன்றிலிருந்து இரண்டு கிலோ.

இரண்டு ஊர் விலைகளை அருகருகே எழுதிப் பார்க்கும் பழக்கம் அந்த டிராமில் வந்தது. பத்திரிகையில் கற்ற இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது: யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், அதை ஏன் சொல்கிறார் என்று முதலில் கேட்பது.

3

இன்னும் இரண்டு வருடத்தில் ஸ்டெல்லாவுக்கு ஓய்வு. வருடத்தில் ஆறு மாதம் இந்தியாவில் இருக்கலாம் என்று பேசிக்கொண்டோம். எங்கே என்பதில் ஒப்பவில்லை.

அவள் பாண்டிச்சேரிக்காரி. பிறந்தது, படித்தது, ஞானஸ்நானம் எல்லாம் நெல்லித்தோப்பில். தங்கை ரோஸி இன்னும் அங்கே இருக்கிறாள். எனக்குச் செஞ்சி. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேர பஸ், ஒரு மாநில எல்லை. பெட்ரோல் அந்தப் பக்கம் குறைவு. கரண்டில் முதல் நூறு யூனிட் இலவசம் இந்தப் பக்கம். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் இந்தப் பக்கம். மீன் அந்தப் பக்கம். மற்றொரு சரக்கும் அந்தப் பக்கம்தான் மலிவு, ஆனால் நாங்கள் இருவரும் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

கடைசியில் ஸ்டெல்லா சொன்னாள்: "சண்டை வேணாம். நீங்க பேப்பர்காரர். ரெண்டு ஊர்லயும் போய் விலை எடுங்க. ஒரே சாமான், ஒரே வாரம். எது கம்மியோ அங்க இருக்கலாம்."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அதில் இன்னொரு விஷயம் அடங்கியிருந்தது. பாண்டிச்சேரி என்று முடிவானால் அங்கே ஒரு சின்ன ஃபிளாட் வாங்க வேண்டும். அதற்கு எங்களிடம் இருப்பது போதாது. செஞ்சி சக்கராபுரத்தில் நைனா கட்டிய வீட்டில் பாதி எனக்குச் சேரும். அந்த வீட்டை விற்றாக வேண்டும்.

அந்த வீட்டில் என் அக்கா லூர்துமேரி இருக்கிறாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அங்கன்வாடியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. அம்மாவையும் நைனாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவள்தான். சிங்கவரத்தில் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போடுகிறாள். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

வீட்டை விற்றால் பாதிப் பணம் அவளுக்கு வரும். அந்தப் பாதியில் செஞ்சியில் எந்த வீடும் வராது. கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்ததிலிருந்து இங்கே மனையின் விலையைச் சொல்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார்கள்.

அக்காவிடம் நான் எதையும் மறைக்கவில்லை. போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நாயந்தான். வந்து பாரு" என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. நான் அதையும் குறித்துவைத்திருக்க வேண்டும்.

4

முதலில் பாண்டிச்சேரியை முடித்தேன். நான்கு நாள். ரோஸி கூடவே வந்தாள். ஆட்டோவைக் கடைக்கு ஐம்பது அடி முன்னாலேயே நிறுத்தச் சொல்வாள்.

"மாமா, நீங்க உள்ளயே உக்காருங்க. உங்க பேன்ட்டைப் பார்த்தாலே ரேட்டை ஏத்துவான்."

"இந்த பேன்ட்டுக்கு என்ன?"

"முட்டியில பாக்கெட் வெச்ச பேன்ட்டை இங்க எவன் மாமா போடறான்? வெள்ளக்காரனும் கொத்தனாரும்தான்."

அவள் இறங்கிப் போய் வாங்கிவருவாள். விலையை வாயால் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். பில் கேட்டால், "இவன்லாம் பில் தர்ற ஆளா மாமா" என்பாள். பட்டியலில் நாற்பது சாமான். பொன்னி அரிசி, துவரம்பருப்பு, தக்காளி, வெங்காயம், முட்டை, ஆட்டுக்கறி, பால், சோப்பு, முடிவெட்டு, ஒரு செட் துணி இஸ்திரி, இப்படி.

அரிசி எல்லாக் கடையிலும் இருபத்தாறு கிலோ மூட்டையாக இருந்தது. இருபத்தைந்து ஏன் இல்லை என்று ஆட்டோவிலிருந்தே கத்திக் கேட்டேன். இருபத்தைந்து வரைக்கும் வரி உண்டு, அதைத் தாண்டினால் இல்லை என்று கடைக்காரர் கத்திப் பதில் சொன்னார். அந்த நான்கு நாளில் பாண்டிச்சேரிக் கடைக்காரர் ஒருவர் வாயிலிருந்து நான் நேராகக் கேட்ட தகவல் அது ஒன்றுதான்.

5

செஞ்சியில் அக்கா கூட வரவில்லை. "எனக்குக் கால் வலி. நீயே போய்ட்டு வா. காந்தி பஜார்ல நம்ம ஏழுமல கடை இருக்குது. பக்கத்துலயே காய் கடை. பாலு வீட்டுக்கே வரும்."

ஏழுமலைக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் விபூதி, காதில் பேனா. முதல் நாள் அவர் சொன்ன விலைகளை எழுதும்போதே எனக்கு உறுத்தியது. துவரம்பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாமே பாண்டிச்சேரியைவிடக் குறைவு. சின்ன ஊர், கடை வாடகை குறைவு, இருக்கலாம். ஆனால் எல்லாமே ஒரே அளவு குறைவாக இருந்தன. உண்மையான விலைகள் அப்படி இருக்காது. ஒன்று ஏறியிருக்கும், ஒன்று இறங்கியிருக்கும். ஒரே சீராக இருக்கும் எண்ணைப் பார்த்தால் பத்திரிகையில் நாங்கள் செய்தியாளரைத் திரும்பப் போன் செய்யச் சொல்வோம்.

காய்கறியும் அப்படித்தான். தக்காளி உழவர் சந்தைப் பலகையில் இருந்ததைவிடக் கடையில் இரண்டு ரூபாய் குறைவு. சந்தையில் வாங்கிவந்து விற்கும் கடையில் எப்படிக் குறையும்?

பால்காரர் தன் விலையைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பாத்திரத்தைப் பார்த்தார்.

ஆட்டுக்கறி ஒன்றுதான் பாண்டிச்சேரி விலையிலேயே இருந்தது. கறிக்கடை பாய் விலையைச் சொல்லிவிட்டு என்னை ஒருமாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, எலும்பை வெட்டப் போய்விட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு விலையை ஏற்றிச் சொல்வார்கள், உலகம் முழுக்க அதுதான் வழக்கம். இறக்கிச் சொன்னால் அதற்கு ஒரே காரணம், தூண்டில். ஏழுமலையின் மச்சான் மனை புரோக்கர் என்று பக்கத்துக் கடையில் தெரிந்துகொண்டேன். ஊர் மலிவு என்று நம்பவைத்து ஒரு மனையைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். அன்று மாலை நோட்டில் ஏழுமலை பெயருக்குக் கீழே கோடு போட்டேன்.

ரீனா போன் செய்தாள். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாள்.

"கோட்டைக்குப் போனீங்களா அப்பா?"

"இல்ல. நேரம் இல்ல."

"பெரியம்மாகூடப் பேசினீங்களா?"

"பேசறேனே, தினமும்."

"எதைப் பத்தி?"

நான் யோசித்தேன். புளி விலை, எண்ணெய் விலை, கேஸ் விலை. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

6

மூன்றாம் நாள் முட்டை வாங்கினேன். ஏழுமலை அட்டையிலிருந்து ஆறு எடுத்துத் தாளில் சுற்றினார்.

"முப்பது ரூபா சார்."

"ஒண்ணு அஞ்சு ரூபாயா?"

"அஞ்சுதான்."

"மெர்சி" என்று சொல்லிவிட்டேன். பாசெலில் நன்றிக்கு அதுதான் வார்த்தை. இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாகக் கும்பிடுவது மாதிரி வாயில் வந்துவிடுகிறது.

"மெர்சியா? அது யாரு சார், உங்க பொண்ணா? அதுக்கும் சேத்து முட்டை வேணுமா?"

முட்டையோடு நடந்தேன். பத்து அடி போனதும் நின்றேன்.

பத்திரிகையில் நான் பார்த்த வேலைகளில் மிகச் சிறியது, உள்பக்கத்தின் கீழ்மூலையில் ஒரு கட்டம். தங்கம், வெள்ளி, செஞ்சி கமிட்டியில் நெல், நாமக்கல்லில் முட்டை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை ஊரில் கமிட்டி என்றுதான் சொல்வார்கள். தினமும் போன் போட்டு எண்ணை வாங்கிக் கட்டத்தில் போட வேண்டும். முட்டை விலையை ஒரு நாள் தவறவிட்டால் கோழிப்பண்ணைக்காரர்கள் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில், இன்றும் கையில் எந்தத் தமிழ்ப் பேப்பர் கிடைத்தாலும் என் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகும். அன்று காலைப் பேப்பரில் நாமக்கல் பண்ணை விலையே ஆறு ரூபாய்க்குச் சில பைசாதான் குறைவு. பண்ணையில் ஆறு. லாரிக் கூலி கொடுத்து, வழியில் உடைந்ததைக் கழித்துச் செஞ்சி வந்து சேரும்போது ஐந்து ஆகுமா?

தக்காளியில் ஏமாற்றலாம். முட்டையில் முடியாது.

தெருமுனையில் ஆட்டோ ஓட்டுகிற சேகர் இருந்தான். நாற்பத்திரண்டு ரூபாய்க்குச் சில்லறை இல்லாததால் ஐம்பதைக் கொடுத்து, ஏழுமலை கடையில் ஆறு முட்டை வாங்கிவரச் சொன்னேன். நாற்பத்திரண்டு என் ஊகம்தான்.

"கைலதான் முட்டை இருக்குதே சார்?"

"இன்னும் ஆறு வேணும்."

போய்வந்தான். ஆறு முட்டை, எட்டு ரூபாய் மீதி. ஒன்று ஏழு ரூபாய்.

"ஏன் சார், நீங்களே வாங்கியிருந்தா அவன் கொடுக்க மாட்டானா? எதுனா சண்டையா?" என்றான் சேகர்.

7

இரண்டு பொட்டலங்களையும் ஏழுமலையின் மேசைமேல் வைத்தேன். அவர் அவற்றைப் பார்த்தார். பிறகு சேகரின் ஆட்டோவைப் பார்த்தார்.

"இது முப்பது. இது நாற்பத்திரண்டு. ரெண்டும் ஒரே அட்டை. என்ன விஷயம்னு நீங்களே சொல்லுங்க. மனை ஏதாவது விக்கறதுக்கு இருக்கா?"

"மனையா? இன்னா சார் பேசறீங்க?" அவர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். "என் மச்சானே அந்த புரோக்கர் வேலை ஆவாம திண்டிவனத்துல செல்போன் கடைல உக்காந்துனு இருக்கான்."

"அப்ப ஏன் எனக்கு மட்டும் அஞ்சு?"

கடையில் ஒரு பெண் சீயக்காய் கேட்டு நின்றாள். அவளை அனுப்பிவிட்டு வந்தார்.

"உங்க அக்காதான் சார். போன வாரம் வந்து, 'என் தம்பி நோட்டு எடுத்துனு வருவான், எதைக் கேட்டாலும் கொறைச்சு சொல்லு, மீதிய நான் தரேன்'னுச்சு. நான் வேணாம்னேன். 'உன் பொண்ணு என்கிட்டதானடா அங்கன்வாடில வளந்தா'ன்னுச்சு. அதுக்கப்புறம் இன்னா சார் பேசறது?"

"தினமும் மீதி கொடுத்தாங்களா?"

"சாயங்காலம் வரும். நீங்க தூங்கற டைம்ல."

கால் வலி என்று சொன்ன அக்கா தினமும் மாலை காந்தி பஜாருக்கு நடந்து வந்திருக்கிறாள். நான் பகலில் அலைந்த களைப்பில் உறங்கியிருக்கிறேன்.

"கோச்சுக்காதீங்க சார்" என்றார் ஏழுமலை. "முட்டைல மாட்டிப்போம்னு தெரியாம பூட்டுது."

8

அக்கா பின்கட்டில் முறத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். பொட்டலங்களோடு நான் நிற்பதைப் பார்த்தாள்.

"இன்னாடா, போலீஸ்காரன் மாதிரி முட்டைய கைல வெச்சினு நிக்கிற?"

"ஏழு ரூபா முட்டை அக்கா."

முறம் ஒரு நிமிடம் நின்றது. பிறகு மறுபடி ஆடியது.

"சொல்லிட்டானா? அவன் வாயில எதுவும் நிக்காது. சின்ன வயசுல வாந்தி எடுத்துனே இருப்பான், இப்ப வார்த்தை."

"எத்தனை கடை?"

"மளிக, காய், பாலு. கறிக்கடை பாய் மட்டும் ஒத்துக்கல. 'எங்கிட்ட ஒரு ரேட்டுதாம்மா, ராசா வந்தாலும் அதுதான்'னுட்டாரு."

"டீக்கடை?"

"எந்த டீக்கடை?"

"கூட்டு ரோட்டுல."

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாதே" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். நம்பலாம் என்று தோன்றியது. பன்னிரண்டு ரூபாய் டீ அவனாகக் கொடுத்தது.

"முட்டைல போய் ஏன் கொறைச்சே? முட்டை விலை பேப்பர்ல வருமே."

"எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு ரூபா கொறைக்கச் சொன்னேன். பேப்பர்ல முட்டை வெலய எவன்டா படிப்பான்?"

"நான் பதினாலு வருஷம் அதைப் போட்டேன் அக்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உருப்படியா வேற எதுனா போட்டிருக்கலாம்."

நான் உட்கார்ந்தேன். மீதி கொடுக்கப் பணம் ஏது என்று கேட்டேன். அவள் பருப்பிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். பின்கட்டு மூலையில் மல்லாட்டை மூட்டைகள் இருக்கும் இடத்தைப் பார்த்தேன். நான் வந்த அன்றும் அங்கே இரண்டு மூட்டைதான் இருந்தது, ஆனால் தரையில் மூன்றாவது மூட்டையின் வட்டத் தடம் இருந்தது. தடத்தை வந்த அன்றே பார்த்தேன். நோட்டில் எழுதவில்லை.

"விதைக்கு வெச்சதா?"

"கமிட்டில போட்டேன். நீ எவ்ளோ வாங்குவன்னு யாருக்குத் தெரியும்? ரேட்டு நல்லாதான் போச்சு."

"மார்கழிப் பட்டத்துக்கு என்ன செய்வே?"

"பாத்துக்கலாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வீட்டை விக்காதேன்னு."

அப்போதுதான் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னான்னுடா சொல்வேன்? பாதி உன்னுது. நீ கேக்கறது நாயம். அநியாயமா கேக்கறவன்கிட்ட சண்ட போடலாம். நாயமா கேக்கறவன்கிட்ட இன்னாத்த பேசறது? ரேட்டு கம்மியா இருந்தா நீயா வேணாம்னு வுட்டுடுவ. நானும் கேக்க வேணாம், நீயும் கொடுத்தாப்ல இருக்க வேணாம். சத்தமில்லாம முடிஞ்சுபூடும்னு பாத்தேன்."

நான் முட்டைப் பொட்டலங்களைத் தரையில் வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"ஆமா, பாண்டில மட்டும் உனக்கு நெசமான ரேட்டு சொன்னாங்கன்னு நெனச்சினு இருக்கியா?"

ஆட்டோவும், ஐம்பது அடி தூரமும், பில் தராத கடைகளும் நினைவுக்கு வந்தன. நாற்பது சாமானுக்கு எண்பது எண்கள் என் நோட்டில் இருந்தன. அவற்றில் நானாகக் காதால் கேட்டு, சரிபார்த்து, நம்பக்கூடியது கறிக்கடை பாய் சொன்ன ஒன்று. பத்திரிகையாக இருந்தால் அந்தப் பக்கத்தை நிறுத்தியிருப்பேன்.

9

ஸ்டெல்லாவுக்கு அன்றே போன் செய்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். பாண்டிச்சேரி விலை பற்றி அக்கா கேட்டதையும், ரோஸி ஆட்டோவைத் தள்ளி நிறுத்தியதையும் சொன்னேன், மறைத்தால் பின்னால் தெரியும்.

"என் தங்கச்சியைச் சந்தேகப்படறீங்களா?"

"நான் எல்லாரையும் சந்தேகப்படறேன்."

"அது தெரிஞ்சதுதான்." பின்னால் மருத்துவமனை மணி ஒன்று அடித்தது. "அண்ணி எத்தனை மூட்டை வித்தாங்க?"

"ஒண்ணு."

"எங்கிட்டப் போன மாசம் பேசும்போது, உங்களுக்கு என்னென்ன பிடிக்கும்னு கேட்டாங்க. காலையில ரெண்டு முட்டை சாப்பிடுவார்னு நான்தான் சொன்னேன்." மணி மறுபடி அடித்தது. "வீடு உங்களுது, உங்க அக்கா உங்களுது. என்னைக் கேட்காதீங்க. ஃபிளாட் வாங்க வேணாம். பாண்டியில ஆறு மாசம் வாடகைக்கு இருந்துக்கலாம், வாடகை நான் பார்த்துக்கறேன். ஆனா ஒண்ணு."

"என்ன?"

"ரோஸிகிட்ட போய் விசாரிக்காதீங்க."

விசாரிக்கவில்லை. ரோஸி சொன்ன விலைகள் நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

10

கூடப்பிறந்தவருக்குத் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். என் பாதியை அக்காவுக்கு அப்படி எழுதிக்கொடுக்கப் போனேன். பத்திர எழுத்தர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார். என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"நீங்க இந்தியர் இல்லையா?"

"இருந்தேன்."

வாரிசுச் சான்று, நைனாவின் இறப்புச் சான்று, வெளிநாட்டு இந்தியர் அட்டை, அதன் நகல், அந்த நகலில் ஒரு கையெழுத்து. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள். பாசெல் எல்லையில் பச்சைச் சீட்டுக்கு ஒரு முத்திரை போதும். இங்கே ஒரு முத்திரைக்கு முன்னால் இன்னொரு முத்திரை தேவைப்பட்டது.

எல்லாம் சேர்ந்த பிறகு எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"எதுக்கு சார் சும்மா விட்டுக்கொடுக்கறீங்க? செஞ்சில இன்னிக்கு ரேட்டு தெரியுமில்ல?"

"தெரியும்."

"பின்னாடி வந்து, 'ஏமாத்தி வாங்கிட்டாங்க'ன்னு கேஸ் போட மாட்டீங்களே? வெளிநாட்டுக்காரங்க நிறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க."

"மாட்டேன்."

அவர் நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவும் நம்பவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். தட்டச்சு செய்த நகலை வாங்கி, எழுத்துக் கூட்டி இரண்டு பக்கம் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் நின்றாள்.

"இது இன்னாடா, 'இனி எக்காலத்திலும்'னு போட்டிருக்குது?"

"இனிமே எப்பவும் நான் கேக்க மாட்டேன்னு அர்த்தம்."

"உன் பசங்க?"

"அவங்களும்."

"அதுங்களைக் கேட்டியா?"

"கேட்டேன்." உண்மையில் ஜெரோமிடம் கேட்டேன். ரீனா தானே போன் செய்து, தமிழில், "சரி அப்பா" என்றாள்.

"இதை வாங்கினா எனக்கு வரி கிரி எதுனா தலமேல வுழுமா? பென்ஷன நிறுத்திடுவாங்களா?"

"இல்லம்மா" என்றார் எழுத்தர்.

"நீங்க அவன் காசு வாங்கினு எழுதறவரு. உங்களக் கேக்கல."

எழுத்தர் சிரித்துவிட்டார். "தம்பிக்கு அக்கா சரியாத்தான் இருக்காங்க சார்."

அக்கா நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள். நாளைக்கு வருகிறேன் என்று எழுந்தாள். எனக்கு விமானத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நான் அதைச் சொன்னேன். அவள் அதற்குள் ரோட்டைக் கடந்து, கையைக் காட்டி இலவச பஸ்ஸை நிறுத்தி ஏறிவிட்டாள்.

மறுநாள் மதியம் திரும்பி வந்தாள். சரியாகத்தான் எழுதியிருக்கிறது என்றாள். அடுத்த நாள் பதிவு முடிந்தது.

அந்த நகலை அவள் திண்டிவனத்தில் ஒரு வக்கீலிடம் படிக்கக் கொடுத்திருந்தாள். அவர் முந்நூறு ரூபாய் வாங்கினார்.